விலையில்லா நிலவறை: மல்லாங்கிணற்றில் எழுதப்பட்ட நாட்குறிப்புகள்

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை

பூமிக்கடியில் அடுக்கடுக்காக அமைந்த அறைகளுக்குள் இறங்கி, எதிர்ப்படும் பூதங்களை வீழ்த்தி, அவை விட்டுச்செல்லும் ஆயுதங்களையும் கவசங்களையும் பொறுக்கிச் சேர்த்து, அதனால் கூடிய வலிமையோடு அடுத்த தளத்துக்கு இறங்குவதே நிலவறை விளையாட்டு எனப்படும் கணினி விளையாட்டு வகையின் அடிப்படை அமைப்பாகும். 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதிய ‘ரோக்’ இதன் முன்னோடி. படம் ஏதுமின்றி எழுத்துக் குறிகளாலேயே வரையப்பட்ட அதன் அறைகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமைந்தன என்பதாலும், எந்த மூலையில் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை என்பதாலும், இறங்கித் தேடுகிற உழைப்பும் தற்செயலாகக் கிடைக்கிற பேறும் இவ்வகையில் தொடக்கத்திலேயே பின்னிக்கொண்டன. 1996இன் இறுதியில் பிளிசார்ட் நிறுவனத்தின் ‘டயாப்லோ’ அதே அமைப்பைப் படமும் ஒலியும் சேர்த்து, இணையத்தில் பலர் கூடி ஆடும்படி மாற்றியது.

கட்டணமில்லா விளையாட்டு என்று சொல்லப்படுவது, இறக்கிக்கொள்ளவும் ஆடவும் பணம் கேட்காமல், ஆட்டத்துக்குள் விற்கப்படும் பொருள்களாலேயே வருவாய் ஈட்டும் வணிக முறையாகும். நிலவறை விளையாட்டுகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்லும் கருத்துகளில் பெரும்பகுதி, அங்கே எது விற்கப்படுகிறது, எது விற்கப்படக் கூடாது என்பதைச் சுற்றியே அமைகிறது.

இக்கருத்துகளைப் பரிசீலிப்பதற்கு விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு பொருத்தமற்ற இடமாகத் தோன்றக்கூடும். இங்குள்ள இளைஞர்களின் கைப்பேசிகளில் நிலவறை விளையாட்டுகளைவிட ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பிஜிஎம்ஐ’ போன்ற துப்பாக்கி விளையாட்டுகளுக்கே செல்வாக்கு மிகுதி. ஆயினும் தீபாவளி முடிந்த இந்த வாரத்தில், பட்டாசு ஆலைகள் ஆண்டு விடுமுறையில் இருக்க, விளையாட இங்கு நேரம் உண்டு. அதைவிட முக்கியமாக, நேரத்துக்கு விலை உண்டு என்ற அறிவு இந்த வட்டாரத்தில் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பல வேலைகளுக்குக் கூலி நாள் கணக்கில் இல்லாமல் ‘பீஸ் ரேட்’ எனப்படும் எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கப்படுவதால், ஒரு மணி நேரத்தில் எத்தனை முடிந்தது, அதற்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்வி வீட்டுப் பேச்சிலேயே புழங்குகிறது. அந்தக் கணக்கோடு பார்த்தால், கட்டணமில்லா நிலவறை விளையாட்டைப் பற்றிய சச்சரவு பெரும்பாலும் ஒரு கூலித் தகராறாகவே தென்படும்.

2025 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை

இவ்வகை விளையாட்டுகளில் மிகக் கடுமையான கருத்துகளைச் சந்தித்தது ‘டயாப்லோ இம்மார்ட்டல்’. 2018 நவம்பரில் அனஹைம் நகரில் நடந்த பிளிசார்ட் விழாவில் இது கைப்பேசி விளையாட்டாக அறிவிக்கப்பட்டபோதே, கணினியில் டயாப்லோ ஆடிப் பழகிய கூட்டம் வெளிப்படையாக முகம் சுளித்தது. இது காலம் தப்பி வந்த ஏப்ரல் முதல் தேதிக் கேலியா என்று அரங்கிலேயே ஒருவர் எழுந்து கேட்டார். சீனாவின் நெட்ஈஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டு 2022 ஜூன் 2 அன்று அது வெளிவந்தபின், பேச்சு கைப்பேசியிலிருந்து காசுக்கு மாறியது.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரரின் வலிமையை உயர்த்துவதில் ‘லெஜண்டரி ஜெம்’ எனப்படும் மணிக்கற்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றைப் பெற ‘எல்டர் ரிஃப்ட்’ என்ற சிறு நிலவறைக்குள் இறங்க வேண்டும். இறங்கும் முன் ‘கிரெஸ்ட்’ எனப்படும் முத்திரைகளைச் செலுத்தினால் கல் கிடைக்கும் வாய்ப்பு உயரும். முத்திரைகளில் உயர்வகை ஆட்டத்தின் வழியே மிகக் குறைவாகவும், கடையில் பணத்துக்கு வேண்டிய அளவும் கிடைக்கும். அந்த உயர்வகை முத்திரையைச் செலுத்தினாலும் ஐந்து நட்சத்திரக் கல் கிடைக்க நிறுவனமே வெளியிட்ட வாய்ப்பு 4.5 சதவீதம், ஐம்பது முறைக்குள் ஒன்று உறுதி என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் ஐந்து நட்சத்திரக் கற்களுக்குள்ளும் தர வேறுபாடு உண்டு. அவற்றில் முழுத் தரமுள்ளது நூற்றுக்கு ஒன்றுதான் என்பதால், ஒரு முத்திரைக்கு அது கிடைக்கும் வாய்ப்பு 0.045 சதவீதமாக, அதாவது ஏறத்தாழ 2,200 முயற்சிக்கு ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரு பாத்திரத்தை உச்ச வலிமைக்குக் கொண்டுசெல்ல ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் போட்ட கணக்கு, வெளியான சில நாள்களிலேயே உலகெங்கும் பரவியது.

இங்கே கவனிக்க வேண்டியது, விளையாட்டின் பெரும்பகுதியை எதிர்ப்பாளர்களும் குறை சொல்லவில்லை என்பதாகும். கதை ஓட்டத்தை ஒரு ரூபாய் செலவில்லாமல் முடிக்கலாம், கைப்பேசிக்கு ஏற்ற சண்டை அமைப்பு செம்மையாக உள்ளது என்று தொழில்முறை விமர்சகர்கள் பலர் எழுதினர். மெட்டாக்ரிட்டிக் தளத்தில் ஆட்டக்காரர்கள் கொடுத்த மதிப்பெண்ணோ பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு, விமர்சகர் கதை முடியும்வரை ஆடி மதிப்பிட்டதும், ஆட்டக்காரர் கதை முடிந்தபின் தொடங்கும் நீண்ட உழைப்பை மதிப்பிட்டதும் காரணமாக இருக்கலாம். அந்த நீண்ட பகுதியை ஆட்டக்காரர்கள் ‘கிரைண்ட்’ என்பர். ஒரே நிலவறையில் மீண்டும் மீண்டும் இறங்கி ஏறும் மாவாட்டும் வேலை அது. மாவாட்டுவதில் அவர்களுக்குக் குறையில்லை. ஒரு மாதம் ஆட்டிச் சேர்த்ததை அடுத்தவர் ஒரு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்து எதிரே நிற்பதுதான் பொறுக்கவில்லை.

பணம் செலுத்தியவர்களும் மகிழ்ச்சியாக இல்லை என்பதற்கு அந்த ஆண்டிலேயே ஒரு சான்று கிடைத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் செலவிட்ட ஆட்டக்காரர் ஒருவர், தொடர்ந்து வென்றதன் விளைவாகத் தமக்கு இணையான எதிராளியை விளையாட்டின் கணிப்பொறியால் தேடிக் கொடுக்க முடியாமல், போட்டிக்காக மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததைப் பொதுவில் தெரிவித்தார்.

2025 அக்டோபர் 29, புதன்கிழமை

டயாப்லோ இம்மார்ட்டலுக்கு முந்தைய விற்பனை முறை வேறாக இருந்தது. 2006இல் மாதக் கட்டணத்தோடு வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’, 2009 செப்டம்பரில் கட்டணமில்லா விளையாட்டாக மாறியபோது, நிலவறைகளையே தொகுப்புகளாகப் பிரித்து விற்றது. பணம் இல்லாதவர், கிடைத்த நிலவறைகளைத் திரும்பத் திரும்ப முடித்து, ஊராரின் நற்பெயரைச் சேர்த்து, அந்தப் பெயருக்கு ஈடாகக் கடைப் புள்ளிகள் பெற்றுப் புதிய நிலவறையைத் திறக்கலாம். உழைப்புக்கு அங்கே வெளிப்படையான கூலி இருந்தது. கூலி மிகக் குறைவு என்று முறையிட்டவர்கள் உண்டு. வாங்கியவரும் உள்ளே இறங்கிப் போராடியே ஆக வேண்டும் என்பதால், ஏமாற்று என்ற சொல் அவ்வளவாக எழவில்லை.

2025 நவம்பர் 1, சனிக்கிழமை

கட்டணமில்லா வகையைச் சேராத ‘டயாப்லோ 3’ இந்த விவாதத்துக்குள் வந்தாக வேண்டும். 2012இல் வெளிவந்த அந்த விளையாட்டில், ஆட்டக்காரர்கள் தாங்கள் கண்டெடுத்த பொருள்களை உண்மையான பணத்துக்கே ஏலம் விடும் சந்தை ஒன்று நிறுவனத்தால் நடத்தப்பட்டது. உழைத்தவருக்குக் கூலி காசாகவே கைக்கு வரும் ஏற்பாடு என்பதால், பார்வைக்கு அதைவிட நியாயமானது வேறில்லை. நடந்தது வேறு: பூதத்தை வீழ்த்திக் கிடைக்கும் பொருளைவிட நல்ல பொருள் எந்நேரமும் சந்தையில் மலிவாகக் கிடைத்ததால், இறங்கித் தேடுவதற்கான காரணமே தேய்ந்துபோயிற்று. பூதங்களை வென்று பொருள் பெறுவது என்ற ஆட்டத்தின் மையத்தையே சந்தை அரித்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது.

ஆகவே ஆட்டக்காரர் கோருவதைக் காசு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தான் கண்டெடுத்த வாள் தன் உழைப்பின் அடையாளமாக மற்றவர் கண்ணில் நிற்க வேண்டும் என்ற கோரிக்கையே அதன் அடியில் இருக்கிறது. பட்டாசு வட்டாரத்தில் இதற்கு நெருக்கமான அனுபவம் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்தபோது, ஆண்டுக்கணக்கில் விரல்களுக்குப் பழகியிருந்த சரம் பின்னும் வேகம், வெளியிலிருந்து வந்த ஓர் ஆணையால் மதிப்பிழந்தது. விளையாட்டில் ஓர் ஆயுதத்தின் வலிமையை நிறுவனம் திடீரெனக் குறைப்பதை ஆட்டக்காரர் ‘நெர்ஃப்’ என்று சொல்லிக் கொதிப்பதைக் கேட்கும்போது அது நினைவுக்கு வருவது இயல்பே. (ஒன்றில் வயிறு காய்ந்தது, மற்றதில் மனம் மட்டுமே என்ற வேறுபாட்டை மறந்து இவ்வொப்புமையை நீட்டுவது முறையாகாது.)

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்ட ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ இந்தப் பாடத்தை நன்கு அறிந்த விளையாட்டு. அங்கே வலிமை விற்பனைக்கு இல்லை. உடையலங்காரங்களும், பொருள்களை அடுக்கிவைக்கும் ‘ஸ்டாஷ் டேப்’ என்ற கூடுதல் பெட்டிகளுமே விற்கப்படுகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை ‘லீக்’ என்ற புதிய பருவம் தொடங்கும்போது அதில் சேரும் அனைவரும் வெறுங்கையோடு முதல் படியிலிருந்து ஏறுகின்றனர். சேர்த்தது பயனற்றுப்போகிறது என்ற புலம்பல் இங்கு எழாததற்கு, எல்லாருக்கும் ஒரே நாளில் அது நிகழ்வதே காரணம் எனலாம். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் நான்கு பெட்டிகள் விரைவில் நிரம்பிவிடுவதாலும், மற்றவரோடு பண்டமாற்றுச் செய்யப் பணம் கொடுத்து வாங்கும் பெட்டிகளே வசதியாக இருந்துவந்ததாலும், இது கட்டணமில்லா விளையாட்டா, நீண்ட மாதிரி ஆட்டமா என்ற வாதம் அதன் ரசிகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. நிறுவனத்துக்கு எப்படியும் பணம் வேண்டும் என்ற நிலையில், வலிமையை விடுத்து வசதியை விற்றது கண்ணியமான தேர்வு என்றே கொள்ள வேண்டும்.

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை

சட்டம் இவ்விவாதத்தை முற்றிலும் வேறு கோணத்தில் பார்க்கிறது. 2003இல் லாட்டரிச் சீட்டுகளைத் தடைசெய்த தமிழ்நாட்டில், இணையச் சூதாட்டத் தடை மற்றும் இணைய விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம், ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிப் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த ஆணையம் 2025 பிப்ரவரியில் வகுத்த விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் வழியான அடையாளச் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை உள்நுழைவுத் தடையையும் கட்டாயமாக்கின; சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் அவற்றை உறுதிசெய்தது. ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்தது.

இவை அனைத்துக்கும் பொதுவான உரைகல், ஆடுபவர் தாம் வைத்த பணத்துக்கு ஈடாகப் பணமோ பணமதிப்புள்ள ஆதாயமோ எதிர்பார்க்கிறாரா என்பதாகும். முத்திரை வாங்கிக் கல் எதிர்பார்ப்பவருக்குக் கிடைப்பது ஆட்டத்தைவிட்டு வெளியே எடுத்துச்செல்ல முடியாத பொருள் என்பதால், அவர் நள்ளிரவில் எவ்வளவு செலவிட்டாலும் இந்த உரைகல்லில் கோடு விழுவது கடினம். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதியது. டயாப்லோ இம்மார்ட்டல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவே இல்லை. சீனா 2017இலேயே, எந்தப் பொருளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. மேலே கண்ட 4.5 சதவீதம் போன்ற எண்கள் ஆட்டக்காரரின் கைக்கு எட்டியதில் இத்தகைய விதிகளுக்குப் பங்கு உண்டு. வாய்ப்பை அறிவிப்பது பயனுள்ள சீர்திருத்தமே என்றாலும், 0.045 என்பதைப் படித்துவிட்டு உள்ளே இறங்குபவர் அதை மற்றவருக்கான எண்ணாகவே கொள்வது வழக்கம்.

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

மல்லாங்கிணற்றின் சூழலுக்குத் திரும்பினால், காசு இங்கு ‘டயமண்ட்’ என்ற பெயரில் வெளியேறுகிறது. ஃப்ரீ ஃபயரின் உள்நாணயமான அதை, ‘ரெடீம் கோடு’ எனப்படும் எண்ணை வாங்கியோ, யுபிஐ வழியாகவோ ஏற்றிக்கொள்ளலாம். 2022 பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு அந்த விளையாட்டைத் தடைசெய்தபோதும், அதன் மறுவடிவமான ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் தொடர்ந்தது. அதில் ‘லக் ராயல்’ என்ற சுழற்சி, நிலவறையின் பரிசுப் பெட்டியைப் போலவே தற்செயலை விற்கிறது.

இங்கு நிலவும் கருத்துகள் வயதை ஒட்டிப் பிரிகின்றன. பள்ளி மாணவரிடையே, பணம் கொடுத்து வாங்கிய ‘பண்டில்’ எனப்படும் உடைத் தொகுப்பு பெருமைக்குரியது. அது இல்லாதவர் ‘நூப்’ என்று ஏளனத்துக்கு உள்ளாவதும் உண்டு. வேலைக்குப் போகத் தொடங்கியவரிடையே மதிப்பு தலைகீழாகிறது. காசு போட்டு ஜெயித்தவன் என்பது அங்கே வசைச்சொல். சம்பளம் வாங்கிய கை, வாங்கிய வெற்றியை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெற்றோரின் கவலையோ கண், படிப்பு, வங்கிக் கணக்கு என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. பிள்ளை அங்கே நாள்தோறும் குறித்த வேலையை முடித்துப் படி வாங்குகிற ஒழுங்கான தொழிலாளியாக இருக்கிறது என்பது அவர்கள் பார்வைக்கு வருவதில்லை.

2025 நவம்பர் 20, வியாழக்கிழமை

பூசை போட்டு ஆலைகள் திறக்கும் பருவம் இது. ஊர்களிலிருந்து ஆள் ஏற்றிச்செல்லும் வண்டிகளும் ஓடத் தொடங்குகின்றன. வேலைக்குத் திரும்புபவருக்கு விளையாட்டின் ‘டெய்லி மிஷன்’ எனப்படும் அன்றாடப் பணிகளை முடிக்க நேரமிராது. ஒரு நாள் தவறினால் தொடர் வருகைக்கான பரிசு அறுந்துபோகும். சில வாரங்கள் வராதிருப்பவரைத் திரும்ப இழுக்க, கட்டணமில்லா விளையாட்டுகள் பலவும் ‘ரிட்டர்ன் ரிவார்டு’ என்று பொருள்களை அள்ளிக் கொடுப்பது வழக்கம். விடாமல் ஆடியவர் மாதக்கணக்கில் சேர்த்தது, விட்டுப்போனவருக்கு வந்த அன்றே கிடைத்துவிடுவதாகப் பழைய ஆட்டக்காரர் குமுறுவதும் அதே அளவு வழக்கம். பணம் செலுத்தாதவர் தமக்குள் ஒருவரோடொருவர் கொள்ளும் சச்சரவு இது ஒன்றே எனலாம். அடுத்த தீபாவளி விடுமுறையில் ஆலைத் தொழிலாளி மீண்டும் ஆட்டத்தைத் திறக்கும்போது, அந்தக் குமுறலுக்குக் காரணமான பரிசை அவரும் மறுக்காமல் எடுத்துக்கொள்வார்.