மார்க்கெட்டில் நான் சொன்ன பிழை

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டைப் பகலில் மட்டும் பார்த்தவர் அதனை முற்றும் பார்த்தவர் ஆகார். ஊர் அடங்கும் வேளையிலேதான் அங்கு வாணிகம் விழித்தெழும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிகளும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும், நாசிக்கிலிருந்து வரும் பெரிய வெங்காயமும் லாரிகளில் வந்து இறங்கும். முதலாம் உலக யுத்தத்திற்குச் சென்ற இவ்வூர் வீரர்களின் ஞாபகமாக நிற்கும் மணிக்கூண்டைச் சுற்றி, மூட்டை சுமப்போர் "வழி, வழி" என்று கூவிக்கொண்டு விரைவர். என் தந்தையார் அங்கே ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதி வந்தார். அவருக்கு இரவு உணவு கொண்டு செல்வது கல்லூரியில் சரித்திரம் பயின்றுகொண்டிருந்த என் கடமையாக இருந்தது.

2009-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20-ஆம் நாள் இரவும் அவ்வாறே சென்றிருந்தேன். அந்நாட்களில் ஈழத்துப் போர்ச் செய்தியை எதிர்நோக்கி நம் நாட்டார் அனைவரும் தொலைக்காட்சியின் முன் நின்ற காலம். மண்டிக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையிலும், பலகை ஒன்றின் மேல் வைத்திருந்த பெட்டியைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிச் செய்தி தேடிக்கொண்டிருந்தார். அவ்வமயம் திரை முழுவதும் மனிதத் தலைகளாய் ஒரு காட்சி தோன்றவே, அவர் கை நின்றது. வாஷிங்டன் நகரில் அப்போது நண்பகல். நமக்கோ இரவு பத்தரை மணி. பராக் ஒபாமா ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பிரமாணம் செய்துகொள்ளும் தறுவாய் அது.

மூட்டை இறக்கி வந்தவர்கள் ஐந்தாறு பேர் துண்டால் முகந்துடைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றனர். அவர்களுள் அறுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை. இவர் யார், இவ்வளவு ஜனம் ஏன் கூடியிருக்கிறது, எங்களுக்கும் சொல்லேன்" என்றார். கேட்டவுடன் எனக்கு உண்டான பெருமிதத்தை இன்று நினைப்பினும் நாணமாயிருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் 1861-இல் பதவியேற்றபோது கைவைத்த விவிலிய நூலின் மேலேயே இவரும் கைவைத்திருக்கிறார் என்றேன். அது மெய்யே. தலைமை நீதிபதி பிரமாண வாசகத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்ல இருவரும் சற்றே தடுமாறியதையும் எடுத்துக் காட்டினேன். அதுவும் மெய்யே.

"இவர் பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் அங்கே அடிமையாக இருந்தவர்களோ?" என்று பெரியவர் வினவினார்.

"ஆம் ஐயா, ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி பூட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்தான் இவர்" என்று ஒரு கணமும் தயங்காமல் விடையிறுத்தேன்.

கூடி நின்றோர் பெருமூச்செறிந்தனர். பெரியவருடைய கண்கள் கலங்கின. பின்னர் ஒபாமா பேசலானார். அப்பேச்சினிடையே, அறுபது ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்திற்கு முன்னர் தம் தந்தையாருக்கு அவ்வூர் உணவு விடுதியில் உணவு படைக்க மறுத்திருக்கலாம் என்றும், அவர் மகனே இன்று இவ்விடத்தில் நிற்கிறான் என்றும் கருத்துப்படக் கூறினார். அது என் செவியில் விழுந்தது, பொருளும் விளங்கிற்று. ஆயினும் நான் சொன்ன சங்கிலிக் கதையின் சுவையிலேயே திளைத்திருந்தமையால், அதனைத் தமிழாக்கிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. லாரி ஒன்று வந்து நிற்கவே, கேட்டிருந்தோர் மூட்டைக்குச் சென்றனர்.

நிற்க. சில மாதங்கள் கழித்து, ஒபாமா 1995-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலை வாசிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவர் தந்தையார் அடிமைகளின் வழிவந்தவர் அல்லர். கென்யா தேசத்தில் பிறந்து, 1959-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வந்தவர். தாயார் கான்சஸ் மாகாணத்தில் பிறந்த வெள்ளை மாது. அடிமைகளாய்த் தென் கரோலினாவில் உழைத்தவர்கள் அவர் மனைவியாரின் முன்னோர்கள். நான் மார்க்கெட்டிலே சொன்னது பிழை என்பதில் ஐயமே இல்லை.

இப்பிழை எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பார்த்தேன். புத்தகத்திலிருந்து வரவில்லை; படத்திலிருந்து வந்தது. 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட்டு இரவுகள் தொடர்ந்து காட்டப்பெற்ற 'ரூட்ஸ்' என்னும் தொடரை ஒரு நண்பர் தந்த குறுந்தகடுகளிற் கண்டிருந்தேன். அலெக்ஸ் ஹேலி 1976-இல் எழுதிய நூலைத் தழுவியது அது. காம்பியா நாட்டு இளைஞன் ஒருவன் பிடிபட்டு, விலங்கிடப்பட்டு, கடல் கடந்து விற்கப்படும் காட்சிகள் என் மனத்தில் அழியாது பதிந்துவிட்டன. ஆதலின், திரையில் ஒரு கரிய முகத்தைக் கண்டவுடன், அதன் பின்னே அச்சங்கிலியையும் நானே பூட்டிவிட்டேன். அம்முகத்திற்கு உரியவருடைய கதை யாது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அத்தொடரின் கதியும் ஏறத்தாழ இத்தகையதே. ஹேலி தம் குலமுறை என்று எழுதியவற்றுட் சில, பதிவேடுகளோடு ஒத்துவரவில்லை என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டினர். வேறொருவருடைய நாவலின் பகுதிகள் தம் நூலிற் கலந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, 1978-இல் அவர் பொருள் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. எனினும், பள்ளிப் புத்தகங்கள் இரண்டொரு வரிகளிற் சொல்லிக் கடந்த அடிமைத்தனத்தின் கொடுமையைக் கோடிக்கணக்கான இல்லங்களின் கூடத்திற்கே கொண்டுவந்தது அத்தொடர் என்பதையும் மறுக்க இயலாது.

தொலைக்காட்சி பொய்யையே பரப்புவது என்று கூறுவது என் கருத்தன்று. 1965-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், அலபாமா மாகாணத்துச் செல்மா நகரில் வாக்குரிமை வேண்டி அமைதியாக நடந்து சென்ற கறுப்பு மக்களைக் காவலர் தடிகொண்டு தாக்கினர். அன்றிரவு, நாஜிகள் மீதான நீதி விசாரணையைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிலையம் அதனை இடையே நிறுத்தி, செல்மாவின் காட்சியைக் காட்டிற்று. அதைக் கண்டு நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. கண்ணாற் கண்டதனால் விளைந்த நன்மை அது. கண்டதற்கும் அப்பால், காணாததையும் கண்டதாக மனம் இட்டு நிரப்பிக்கொள்வதிலேதான் கேடு விளைகிறது. செல்மாவிற் பயன் தந்த அப்பெட்டியே என்னிடத்திற் பிழைக்கு வித்தாயிற்று.

பிழையை அறிந்த பின்னும் நான் உடனே மார்க்கெட்டுக்குச் சென்று திருத்தினேன் அல்லேன். ஒரு தேநீர்க் கடைப் பேச்சுக்கு இத்துணைப் பெரும் ஆராய்ச்சியா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் என் தந்தையார், "நீ சொன்ன அமெரிக்கக் கதையை அந்தப் பெரியவர் காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரனைப் படிக்க வைப்பதற்கும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறாராம்" என்று கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அமெரிக்காவிலே பிரமாண வாசகத்தில் ஒரு சொல் இடம் மாறிற்று என்பதற்காக, மறுநாளே வெள்ளை மாளிகையில் அதனை மீண்டும் ஒருமுறை சொல்லித் திருத்திக்கொண்டார்கள். சொல்லியவர்களுக்கு அதில் இழிவு ஒன்றும் நேரவில்லை. அவர்களுக்கு ஒரு நாள் போதுமானதாயிருந்தது; எனக்கு ஏழு மாதங்கள் வேண்டியிருந்தன.

ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் அப்பெரியவரை அக்கடையிலேயே கண்டு, அருகில் அமர்ந்து, நான் சொன்னது தவறு என்று தொடங்கி நடந்ததனைத்தையும் கூறினேன். அவர் சினந்துகொள்வார் என்றோ, உள்ளம் உடைவார் என்றோ அஞ்சினேன். அவரோ சிறிது நேரம் கோப்பையையே நோக்கியிருந்தார்.

"அப்படியானால் அவர் தகப்பனாருக்கு அந்த ஊரில் கஷ்டம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார்.

அப்பொழுதுதான், அன்றிரவு நான் தமிழாக்காமல் விட்ட வாசகம் நினைவுக்கு வந்தது. உணவு விடுதியைப் பற்றி ஒபாமா கூறியதை அவருக்குச் சொன்னேன். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரிலே, கறுப்பு இனத்துக் கல்லூரி மாணவர் நால்வர் வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டதையும், மறுக்கப்பட்டும் எழாது கடை மூடும்வரை அமர்ந்திருந்ததையும், நாள்தோறும் மாணவர் கூட்டம் பெருகியதையும், அவ்வாண்டு ஜூலையில் அம்மேடை யாவர்க்கும் திறக்கப்பட்டதையும் கூறினேன். இம்மார்க்கெட் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருடைய அறவழியையே அவர்களும் கைக்கொண்டனர் என்றேன்.

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, அடிமை, கப்பல், சங்கிலி என்று நீ அன்று சொன்னாய். பெரிய விஷயம் என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் அதெல்லாம் நான் கண்டதில்லை. இதை நான் கண்டிருக்கிறேன். சிறு வயதில் எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குக் கொட்டாங்கச்சி. அது கூரையிற் செருகியிருக்கும். நாங்களே எடுத்து, வாசலில் நின்று குடித்து, கழுவிச் செருகிவிட்டு வரவேண்டும். இந்தக் கதையை நீ அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அரசியற் சட்டத்தின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை 1950-இலேயே ஒழித்துவிட்டது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அதற்குப் பின்னரும் கூரையிற் செருகியிருந்த கொட்டாங்கச்சியைப் பற்றி எனக்குச் சொன்னவர் எவரும் இலர். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் நம் நாட்டிற்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் அவரையும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டாதார் என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் அதிர்ச்சியுற்றதாகவும், பின்னர் அது மெய்யே என்று தெளிந்ததாகவும் 1965-இல் அவரே ஒரு பிரசங்கத்திற் கூறினார். அவர் கண்ட அவ்வுறவைக் காண எனக்கு ஒரு மூட்டை சுமப்பவருடைய துணை வேண்டியிருந்தது.

புறப்படும்போது பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பேரனிடம் நானே திருத்திச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டுப் பெயர் மறந்துபோகும், ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றார். மண்டிச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில், 'தந்தை ஊர் கென்யா' என்று ஒரு வரியும், 'கிரீன்ஸ்பரோ, 1960, நான்கு மாணவர்' என்று மற்றொரு வரியும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்து நின்ற லாரியை நோக்கி நடந்தார்.

இன்று நான் வகுப்பறையில் மாணவர்க்குச் சரித்திரப் படங்களைக் காட்டுகிறேன். படம் முடிந்ததும், அதிற் கண்டது எது, தாமாக இட்டு நிரப்பிக்கொண்டது எது என்று தனித்தனியே எழுதச் சொல்வது என் வழக்கம். ஏன் இவ்வாறு செய்கிறேன் என்று அவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு விடையாகவே இதனை எழுதினேன்.