பெட்டியில்லாப் புதையல்



பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே போகப் போகிறோம்?" என்பதாகும். இரண்டாவது கேள்வி, "போன் எங்கே?" என்பதாகும். இரண்டுக்கும் ஒரே விடையாக அமையக்கூடிய ஒரு விளையாட்டைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். விளையாட்டாகத் தொடங்கும் இக்காரியம், எங்கள் வன்னி மண்ணில் விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

வெளிநாடுகளில் ஜியோகேச்சிங் என்றொரு பொழுதுபோக்கு இருக்கிறது. ஜி.பி.எஸ். செய்மதிச் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அதுவரை நூறு மீற்றர் வரைகூடத் தவறிக் காட்டிய கருவி, அதன்பின் இருபது மீற்றருக்குள் சரியாகக் காட்டத் தொடங்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பகுதியில் வாளியொன்றை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் மட்டும் அறிவித்தார். தேடிக் கண்டுபிடிப்பவர் அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து, பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இன்று அது உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால் இரண்டு எண்கள் மட்டும் ஒருவரை ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமா? குறுக்கே ஆறு ஓடலாம். சதுப்பு நிலம் கிடக்கலாம். ஆகவே புறப்படுமுன் இடவிளக்கப் படத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறார்கள். மேடு பள்ளங்களைச் சமவுயரக் கோடுகளாலும், நீர்நிலைகளையும் பாதைகளையும் குறியீடுகளாலும் காட்டும் படம் அது. எங்கள் நாட்டில் இத்தகைய படங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய தாள்கள் முதலில் வந்தன. இரண்டு சென்றிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவிலான தாள்கள் பின்னர் வந்தன.

மலைநாட்டுப் படத்தில் சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருக்கும். வன்னிப் படத்திலோ அக்கோடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தட்டையான பூமி. இங்கே படத்தை வாசிக்கத் திறவுகோலாக இருப்பவை குளங்களே. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்களோடு பெயர் தெரியாத சிறு குளங்கள் எத்தனையோ! குளத்தின் கட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பள்ளம். துருசைத் தாண்டி வயல் இருக்கும். வான் பாயும் வழியைப் பிடித்துப் போனால் அடுத்த குளம் வரும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், கோடில்லாத படத்திலும் நிலத்தின் சாய்வை அது கண்டுகொள்ளும்.

இப்போது இவையெல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. ஓஸ்ம்அன்ட் போன்ற செயலிகளில் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டோரத்திலும் வேலை செய்யும். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களையும் பின்னோக்கிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இச்செயலிகளின் சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்கள் ராடாரினால் அளந்த தரவிலிருந்து வரைந்தவை. அந்த ராடார் அடர்காட்டில் நிலம் வரை இறங்காமல் மரங்களின் மேற்பரப்பையே பெரும்பாலும் அளந்தது. ஆகவே பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த இடத்தைத் திரை மேடாகக் காட்டினால், அது மேடாக இருக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரரைப் போல நாங்களும் காட்டில் பெட்டி வைக்கலாமா? கூடாது, சகோதரிகளே, கூடவே கூடாது! யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் மிதிவெடிகளோ மண்ணோடு கிடந்தன. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறி அவற்றை அகற்றியவர்களில் பெண்களும் பலர். குடும்பத்தைத் தனியாகத் தாங்குகின்ற தாய்மாரும் அவர்களுள் இருந்தார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அந்நியமான பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல் என்றுதான் வன்னிப் பிள்ளைகளுக்கு ஆண்டாண்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். புதருக்குள் மறைத்த பெட்டியைத் தேடி எடுக்கும் விளையாட்டு, அந்தப் பாடத்தையே தலைகீழாக்கிவிடும். உயிர் காக்கும் பழக்கத்தை ஒரு விடுமுறை விளையாட்டுக்காகக் கெடுக்கலாமா? எவ்வளவு நல்ல செயலியானாலும் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அது காட்டாது. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அதுதான் இறுதிச் சொல்.

பெட்டியில்லாமலும் இதை விளையாடலாம். அமெரிக்கப் புவியியற் சங்கத்தார் 2004இல் எர்த்கேச் என்ற வகையைத் தொடங்கினார்கள். அதில் பெட்டி கிடையாது. குறித்த இடத்துக்குப் போய், அங்கு பார்த்தால் மட்டுமே விடை தெரியும் கேள்விக்கு விடை எழுதி வர வேண்டும். எங்களுக்குப் பொருந்துவது இதுவே.

இந்த விளையாட்டில் எனக்கு நாட்டம் வந்த காரணத்தையும் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் வெளியேற்றப்பட்டபோது நான் பத்து வயதுச் சிறுவன். தண்ணீரூற்றுக்கு அண்மையிலிருந்த எங்கள் வளவை விட்டுப் புத்தளத்துக்குப் போனோம். யுத்தம் முடிந்து 2011இல் உம்மாவோடு பார்க்க வந்தபோது வேலியுமில்லை, வீடுமில்லை. ஒரே பற்றைக்காடு. வளவு உம்மாவின் பெயரில் இருந்தது. உறுதி கையிலிருந்தது. நிலம் எதுவென்றுதான் தெரியவில்லை.

பழைய ஓர் அங்குலத் தாளின் பிரதி ஒன்று கிடைத்தது. அதிலே தெருவும் குளமும் வண்டிப்பாதையும் இருந்தன. கம்பியூட்டர் கடையொன்றில் கூகுள் ஏர்த்தைத் திறந்து, தெருவையும் குளத்தையும் அதனோடு ஒப்பிட்டோம். உம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பள்ளியடியிலிருந்து குளத்தைப் பார்த்து நடந்தால், தண்ணீர்க் குடத்தை ஒருதரம் இடுப்பு மாற்றும் தூரம்" என்றார். குடம் சுமந்த பெண்ணுக்குத் தெரிந்த அளவு அது! அத்தூரத்தில் திரையிலே நட்சத்திரம் போலச் சில தென்னை வட்டுக்கள் தெரிந்தன. "எங்கள் கிணற்றடித் தென்னை" என்றார் உம்மா. அதன் எண்களைக் குறித்து, மிதிவெடி அகற்றும் பணியாளரிடம் கேட்டு, அவர்கள் பாதுகாப்பென்று சொன்ன பின்பே உள்ளே போனோம். கிணற்றுக்கட்டு இருந்தது. எல்லையைத் தொலைபேசியால் நிறுவ முடியாது. மரத்தடியில் அது பல மீற்றர் தவறும். அனுமதி பெற்ற நில அளவையாளர்தான் எல்லைக்கல் நட்டார். ஆனால் அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்று சொன்னவை உம்மாவின் நினைவும் அந்தப் படமும்தான்.

உங்கள் வீட்டு விடுமுறைக்கு இப்படிச் செய்யுங்கள். முதல்நாள் மாலை பிள்ளைகளோடு படத்தை விரித்து ஐந்து இடங்களைத் தெரிவு செய்யுங்கள். எல்லாம் தெருவோரம், அலைகரை, பள்ளி முற்றம் போன்ற ஆட்கள் புழங்கும் இடங்களாகவே இருக்கட்டும். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். துருசுக்கு எத்தனை கதவு, வானின் நீளம் எத்தனை கவடு என்று இடத்துக்கொரு கேள்வி வையுங்கள். கிப்லாவையும் ஒரு கேள்வியாக்கலாம். முல்லைத்தீவிலிருந்து மக்கா நேர் மேற்கிலன்று, மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே சரிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பீரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறியவே இடங்களின் அகலாங்கு நெட்டாங்கைக் கணக்கிட்டு ஒரு நூலே எழுதினார் என்பதையும் சொல்லுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். யானை இறங்குமுன், அஸருக்குள் வீடு திரும்புங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. செயலிப் படங்களில் எங்கள் சிறு குளங்கள் பல பெயரில்லாத நீலப் பொட்டுக்களாகக் கிடக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற படத்தில் எவரும் பெயர் சேர்க்கலாம். அப்பெயர்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் உம்மம்மாவிடம், பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கின்றன. தமிழ்ச் சகோதரிகளும் நாங்களும் ஒரே குளத்தில் அள்ளியவர்கள். எந்த மடுவில் ஆழம், எந்த ஒழுங்கை எங்கே முடிந்தது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவர்களோ ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து அவர்கள் அருகில் அமர்த்துங்கள். பெயர்களை எழுதச் சொல்லுங்கள்.