பருத்த தேகமும் ரத்தக் கொதிப்பும்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பத்தார் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது, தேகம் சற்றுப் பூரித்திருந்தால், "அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது" என்று உற்றார் மகிழ்வர். மெலிந்திருந்தாலோ, "அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லையோ?" என்று கவலையுறுவர். பசியைக் கண்ட தலைமுறைக்கு அந்த மகிழ்ச்சி இயல்பே. ஆயினும் தொந்தியைச் செழிப்பின் அடையாளமாக நாம் இனியும் கருதுவது தகாது.

நாகபுரியில் ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்குக் காலை முதல் மாலை வரை நாற்காலியும் கணினியுமே துணை. பதினொரு மணிக்குத் தேநீரோடு சமோசா, பகலில் ரொட்டி, வீடு திரும்பியதும், ரொட்டி வயிறு நிறைக்கவில்லை என்று சோறும் குழம்பும் அப்பளமும். வடக்கின் உணவும் தெற்கின் உணவும் ஒரே நாளில் உள்ளே செல்கின்றன. அவற்றைச் செலவிடும் உழைப்பு மட்டும் இல்லை.

எங்கள் பிரிவில் மூத்தவரான அண்ணாச்சி ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு மாத்திரை மூன்றான பின்னும் மேல் அளவு 150-க்குக் கீழே இறங்கவில்லை. "மாத்திரையில் குறையில்லை, இடுப்பைக் குறையுங்கள்" என்றார் மருத்துவர். அதன் பொருளை அவர் விளக்கியபொழுது உடனிருந்த நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து படியும் கொழுப்பு வெறும் சுமையன்று. அதிலிருந்து சுரக்கும் பொருள்கள் நரம்புகளைத் தூண்டி ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எஞ்சின் திணறத்தானே செய்யும்? இதயத்தின் நிலையும் அதுவே. கழுத்துப் பருத்தவர்கள் பலருக்கு உறக்கத்தில் குறட்டையோடு மூச்சும் தடைப்படுகிறது. அதனால் இரவிலும் அழுத்தம் தணிவதில்லை. இத்தனை காரணங்கள் ஒருபுறம் ஏற்றிக்கொண்டிருக்க, மாத்திரை தனியாக எவ்வளவு இறக்கும்?

தீங்கு இத்துடன் நிற்பதில்லை. தொந்திக் கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாது. சர்க்கரை ஏறுகிறது; டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுகிறது; நல்ல கொலஸ்டிரால் குறைகிறது. ஆகவேதான் கொதிப்பும் நீரிழிவும் ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே உடம்பில், குடியேறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, வயதுவந்தோரில் 100-க்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பும், 11 பேருக்கு மேல் நீரிழிவும், 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமனும் இருப்பதைக் காட்டிற்று.

இதை அறிய விலையுயர்ந்த சோதனை வேண்டுவதில்லை. தையற்காரரின் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. மேனாட்டாருக்கு உரிய வரம்பு இதைவிடக் கூடுதல். ஒத்த எடையிலும் நம்மவர்க்கு வயிற்றில் கொழுப்பு மிகுதியாகச் சேர்வதால், நமக்கு இவ்வளவே எல்லை.

மாற்று வழி எளிது, மனவுறுதிதான் அரிது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் அழுத்தத்தின் மேல் அளவும் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. இரவில் சோறு அல்லது ரொட்டி, ஏதேனும் ஒன்று போதும். ஊரிலிருந்து வரும் ஊறுகாய், வற்றல், அப்பளம், கருவாடு ஆகியவை அன்பின் அடையாளங்களே. ஆனால் உப்பின் மூட்டைகளுமாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்ந்து 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது. வாரத்தில் 150 நிமிடமாவது விரைந்து நடத்தல் வேண்டும். அளவறிந்து உண்பதை வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்திலேயே வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

அண்ணாச்சி எட்டுத் திங்களில் ஏழு கிலோ குறைந்தார். மேல் அளவு இப்பொழுது 134. மூன்று மாத்திரைகளில் ஒன்றை மருத்துவரே நிறுத்தினார். தாமாக எவரும் மாத்திரையை நிறுத்துதல் கூடாது என்பதையும் இங்கே வற்புறுத்துகிறோம்.

ஊரில் ஒருவர் பக்கவாதத்தில் வீழ்ந்தால் தாங்குவதற்கு அண்ணன் தம்பி, மாமன் மைத்துனர் உண்டு. இங்கோ நமக்கு ஒரு சம்பளமும், உத்தியோகம் உள்ளவரை ஒரு குவார்ட்டர்ஸுமே உண்டு. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால், மொழி புதிதான ஊரில் மனைவி மக்கள் யார் வாசலில் நிற்பர்? ஆதலால் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சிற்றுண்டி மேசைக்கு அருகே ஓர் அளவு நாடாவும் ரத்த அழுத்தக் கருவியும் வைக்குமாறு காரியதரிசி அவர்களை வேண்டிக்கொள்கிறோம். சகோதரிகளும் தவறாது அளந்துகொள்வார்களாக.