அக்காவின் இடக்கைக்கு ஒரு கட்டர்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு அக்கா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து அம்மாவின் பழைய சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஒரு சுங்குடி, ஒரு கோரா காட்டன், நைந்து பூப்போலாகிவிட்ட நெகமம் இரண்டு. பேரனுக்குத் துண்டு சேர்த்துக் குவில்ட் போர்வை தைக்க வேண்டுமாம். கத்தரிக்கோலால் நாலு அங்குலக் கட்டங்களாக வெட்டத் தொடங்கியிருக்கிறாள். பாதிச் சேலை முடிவதற்குள் கட்டைவிரலின் அடிப்பக்கம் வீங்கிவிட்டது.

அந்த இடத்தில் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். போதாததற்கு அவள் இடக்கைக்காரி. வலக்கைக்கென்று வார்த்த கத்தரியின் வளையம் அவள் கட்டைவிரலில் தப்பான பக்கத்தில் அழுத்தும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். இத்தனை வருஷம் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே வெட்டியிருக்கிறாள்.

"உங்கிட்ட இருக்கிற உருளுற கத்தி மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு கண்ணு" என்றாள். என்னுடையதைக் கொடுத்துப் பார்த்தேன். நேரான கைப்பிடி. பிளேடின் மூடியைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளித் திறக்க வேண்டும். தள்ளும்போதே முகம் சுளித்தாள். எனக்குச் சரியாக இருப்பது அவளுக்கு ஆகாது. அவள் கைக்கு எது பொருந்தும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று அளவை மட்டும் முடிவு செய்தேன்.

ரோட்டரி கட்டர் என்னும் இந்த உருளும் கத்தியை 1979இல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் தையல் வேலைக்காகக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் குவில்ட் தைக்கும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு அட்டையில் அச்சு வெட்டி, துணியில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரிக்க வேண்டும். கட்டர் வந்த பிறகு அக்ரிலிக் ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் நீளப் பட்டையாக வெட்டி, பட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டங்கள் கிடைத்துவிடும்.

பிளேடின் விட்டம்தான் அளவு: 18, 28, 45, 60 மில்லிமீட்டர். சின்னவை வளைவுகளுக்கும் நுணுக்கமான ஓரங்களுக்கும். 60 பெரிய சக்கரம். கனத்த துணியிலும் பல மடிப்பிலும் கொஞ்சம் குறைவான அழுத்தத்திலேயே உருண்டு போகும். கை வலிக்காரர்களுக்கு அதுதான் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கட்டரும் கனம், வெளியே தெரியும் கூரும் அதிகம். புதிதாகப் பழகும் கைக்கு 45 போதும். ஆறு மடிப்பை ஒரே தடவையில் வெட்டாமல் இரண்டு மடிப்பாக வெட்டினால் 60 தரும் லாபம் இதிலேயே கிடைக்கும். 45க்கு மாற்றுப் பிளேடு கிடைப்பதும் சுலபம். ஒரு நிறுவனத்தின் 45 பிளேடு பெரும்பாலும் இன்னொன்றின் கட்டரிலும் உட்காரும்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று வரலட்சுமி விரதம், எதுவும் ஓடவில்லை. இன்று குவில்ட் தைக்கும் தோழியிடமிருந்து இரண்டு கட்டர்கள் இரவல் வாங்கிவந்தேன். பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் கைப்பிடிகளை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் இடக்கையில் பிடித்து ஸ்கேல் ஓரமாகத் தள்ளிப் பார்த்தேன். கடையில் பார்க்கும்போது நிறம்தான் கண்ணில் படுகிறது. கை எங்கே வளைகிறது என்பது தள்ளினால்தான் தெரிகிறது.

நேரான கைப்பிடி: உள்ளங்கைக்குள் படுத்து, ஆள்காட்டி விரல் மேல் முதுகில் நீண்டு அழுத்துகிறது. வெட்டுவதற்குச் சுகம். திறப்பதும் மூடுவதும் கட்டைவிரலின் வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திறப்பு, ஒரு மூடல். அக்காவின் வலி இருக்கும் மூட்டிலேயே அத்தனையும் விழும். வலித்தால் மனிதர் என்ன செய்வார்? மூடாமல் விட்டுவிடுவார். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

ஃபிஸ்கார்ஸ் வகை வளையக் கைப்பிடியில் நாலு விரலும் வளையத்துக்குள் போகின்றன. நழுவாது. அக்காவின் மோதிர விரல் கணு தடித்தது. உள்ளே நெருக்கும் என்று தோன்றுகிறது.

மூன்றாவது, வளைந்த கைப்பிடியின் அடியில் நெம்புகோல் உள்ளது. நாலு விரலால் அமுக்கினால் பிளேடு வெளியே வரும். விட்டால் தானே உள்ளே போய்விடும். கட்டைவிரல் சும்மா பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. இதை இடக்கையில் பிடித்து மெதுவாகத் தள்ளியபோது மணிக்கட்டு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது, இழுவை தோளிலிருந்து வந்தது. மணிக்கட்டு மடங்கிய நிலையில் அழுத்தினால்தான் நரம்புக்கும் மூட்டுக்கும் கேடு.

கையைக் கைப்பிடியின் மேலேயே படுக்கவைத்துத் தள்ளும் மார்டெல்லி என்ற வகையும் இருக்கிறது. மணிக்கட்டுக்கு மிக நல்ல வடிவம். இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனியாக விற்கிறார்கள். இங்கே கையில் வாங்கிப் பார்க்க வழியில்லை, அதனால் ஒதுக்கிவிட்டேன்.

தானே மூடிக்கொள்ளும் வகைக்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நிற்கிறோம். திறந்த கட்டர் மேஜை விளிம்பிலிருந்து உருண்டால் விழும் இடம் பாதம். கைவிட்டதும் மூடிக்கொள்ளும் கட்டர் விழுந்தால் கைப்பிடிதான் காலில் இடிக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருப்பூர். அக்கா குடியிருக்கும் வரிசையிலேயே ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ப் பழைய இரும்புக் கிளவுஸை எடுத்துவந்தார். எவர்சில்வர் கம்பியில் பொடி வளையங்களைக் கோத்துப் பின்னியது. மூன்று விரலுக்குத்தான்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மணிக்கட்டில் வார். உள்ளங்கையில் வாங்கியபோது குளிர்ந்து, நல்ல கனமாக, விரலிடுக்கில் வழிந்தது. ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் சில வளையங்கள் நசுங்கிக் கிடந்தன. அதைத் தடவிக் காட்டினார். அந்த நசுங்கல் ஒவ்வொன்றும் கிளவுஸ் இல்லாதிருந்தால் விரலில் விழுந்திருக்கும்.

கம்பெனியில் அடுக்கடுக்காக விரித்த துணியில் கத்தி மிஷினை ஒரு கை தள்ளும். மறு கை துணியை அமுக்கிப் பிடிக்கும். எந்தக் கைக்குக் கிளவுஸ் என்று கேட்டேன்.

"வெட்டுற கைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. புடிச்சிருக்கிற கையத்தான் கத்தி தேடும்" என்றார்.

நமக்கும் அதுவே. கட்டரைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை நாள் அக்காவின் இடக்கையைப் பற்றியே யோசித்தேன். வெட்டுப்படக்கூடியது ஸ்கேலை அமுக்கும் வலக்கை. ஸ்கேல் நழுவினாலோ, விரல் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ பிளேடு ஸ்கேல் மேல் ஏறி விரல் நுனிக்குப் போய்விடும். ஆகவே வலக்கைக்கு வெட்டுத்தாங்கும் நூல் கையுறை ஒன்று. இரும்புக் கிளவுஸ் ஸ்கேல் மேல் வழுக்கும், வேண்டாம். நூல் கையுறை காயத்தைக் குறைக்கும். அழுத்தி உருளும் பிளேடை முழுக்க நிறுத்தும் என்று நம்பக் கூடாது. அதை அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். ஸ்கேலின் அடியில் வழுக்காத பொட்டுகளும் ஒட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

கட்டர் வந்துவிட்டது. ஒல்ஃபாவின் அமுக்குக் கைப்பிடி, 45 மில்லிமீட்டர். பிளேடை இரண்டு பக்கத்திலும் மாட்டலாம் என்பதால் இதையே எடுத்தேன். எல்லாக் கட்டரிலும் இது முடியாது. இடக்கைக்காரர்கள் விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்க வேண்டும். வலக்கைக்காரிக்கு ஸ்கேல் இடப்பக்கம், அதனால் பிளேடும் கைப்பிடியின் இடப்பக்கம். அக்காவுக்கு எல்லாம் எதிர். பிளேடு ஸ்கேலின் விளிம்பில் ஒட்டி உருள வேண்டும்; நடுவே கைப்பிடி நின்றால் வெட்டு கோணலாகும், கண்ணுக்கும் கோடு தெரியாது.

பிளேடைப் பக்கம் மாற்றுவதற்காகத் திருகு, பிளேடு, வாஷர், நட்டு எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே துண்டில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பிளேடை நடு ஓட்டையில் பிடித்துத் தூக்கச் சொன்னேன். வளைந்த வாஷரைத் தலைகீழாக வைத்தால் சக்கரம் இறுகிவிடும். மாட்டியபின் துண்டுத் துணியில் உருட்டிப் பார்த்தாள். தாராளமாகச் சுற்றியது. சுற்றாத பிளேடு ஒரே இடத்தில் தேயும், துணியையும் இழுத்துச் சுருட்டும்.

வழக்கம்போலத் தரையில் பாயை விரித்து உட்காரப் போனாள். நான் விடவில்லை. பூ கட்டுவதும் கைத்தையல் போடுவதும் தரையில் நடக்கும்; இது நடக்காது. உட்கார்ந்தால் தோளின் பலம் வராது, கை மட்டும் அழுத்தும். அதைவிட, பிளேடு போகும் பாதையில் அவள் முழங்காலே இருக்கும். சாப்பாட்டு மேஜை தாழ்வு, குனிய வேண்டியிருந்தது. கடைசியில் சமையல் மேடையைத் துடைத்துக் காயவைத்து அதன்மேல் துணி வெட்டும் கட்டிங் மேட்டை விரித்தோம். இடுப்புயரம். நின்றுகொண்டு உடம்பிலிருந்து வெளிப்புறமாகத் தள்ளினாள். வலக்கை விரல்களைக் கூராக ஊன்றி, சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலுக்கு அப்பால் மேட்டில் பதித்துக்கொண்டாள். அந்த ஒரு விரல் ஊன்றினாலே ஸ்கேல் அசைவதில்லை. கட்டர் கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, வலக்கையை மேலே நகர்த்தி, மறுபடி தள்ள வேண்டும்.

கைப்பிடியில் பிளேடைத் திறந்தபடியே நிறுத்திவைக்கும் லாக்கும் உண்டு. விரல் ஓய்ந்தவர்களுக்கு அது வசதி. அக்காவுக்கு அதைக் காட்டினேன், பயன்படுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். விரல் ஓய்ந்தால் வேலையை நிறுத்தட்டும். மூடிய நிலையில் பூட்டும் லாக்கைத்தான் ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் போட வேண்டும்; வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது.

முதல் கோரா பட்டை இரண்டரை அங்குலம். ஓரம் இழை பிரியாமல் நேராக வந்தது. கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மடிப்பை விரித்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

போனில் அக்கா. அங்கங்கே ஒரு இழை வெட்டுப்படாமல் நிற்கிறதாம், கட்டர் மோசமோ என்று கேட்டாள். ஒரு தொங்கலுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளக்கச் சொன்னேன். பதினாலு சென்டிமீட்டர் சொச்சம். 45 மில்லிமீட்டர் பிளேடு ஒரு சுற்றில் கடக்கும் தூரம் அதுவே. அப்படியென்றால் பிளேடில் ஒரு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை அந்த இடம் துணியில் படுகிறது. குண்டூசி மேல் ஏறியதா என்று கேட்டேன். இல்லை, ஜரிகைக் கரை. கரையை முதலில் பிரித்தெடுத்துவிட வேண்டும், உலோக இழை கூரைத் தின்றுவிடும்.

பிளேடை மாற்றச் சொன்னேன். விலையைப் பார்த்து இழுத்தடிப்பாள் என்று எனக்குத் தெரியும். இதில் நான் பிடிவாதக்காரி. மழுங்கிய பிளேடு புதியதைவிட ஆபத்தானது. வெட்டாதபோது கை தானாக அழுத்தும். அழுத்தும் கைதான் நழுவும். வலி இருக்கும் மூட்டுக்கு அந்த அழுத்தமே விஷம். கூர் போகாமல் பஞ்சு மட்டும் அடைந்திருந்தால் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டாலே சரியாகிவிடும். இது அப்படி இல்லை.

பழைய பிளேடைக் குப்பையில் போட்டுவிடாதே என்றேன். தூய்மைப் பணியாளர்கள் நம் வீட்டுக் குப்பையைப் பல நாள் வெறும் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடியுள்ள தகர டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, வெளியே "பிளேடு" என்று பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும்.

மேட்டைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாளாம், மத்தியான வெயில் படும் ஜன்னல் பக்கம். உடனே கட்டிலுக்கடியில் படுக்கப் போடச் சொன்னேன். சூட்டில் வளைந்த மேட் பழைய மட்டத்துக்கு வராது, வளைந்ததன்மேல் ஸ்கேல் நிற்காது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சமையல் மேடைச் சுவரில் ஒட்ட அக்காவுக்கு ஒரு தாள் எழுதி அனுப்பினேன். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ரத்தம் நிற்காவிட்டாலும் காயம் ஆழமாக இருந்தாலும் ஆஸ்பத்திரி, டி.டி. ஊசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும். விரல் நுனி துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை ஐஸ் மேல் வைத்து உடன் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகப் படக் கூடாது. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று அத்திம்பேர் கேட்டாராம். அக்கா ஒட்டிவிட்டாள்.

சுங்குடியும் கோராவும் வெட்டி முடித்தாயிற்று. இரண்டாவது நெகமம் மிச்சம். எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டதாம். இதே கட்டரையே அவரும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு வலக்கை, தைத்துத் தைத்து மணிக்கட்டு மரத்துப்போகும் என்றும் சொன்னாராம். இப்போதே எதையும் வாங்க வேண்டாம், சனிக்கிழமை நான் வரும்போது கையைக் காட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன். தோழியின் கட்டர்களை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பிளேடில்லாமல் அவற்றை எடுத்துப் போக வேண்டும்.