பக்கத்தில் இருப்பவனோடு பேசுவது

திருத்தணி வட்டாரக் கல்லூரியொன்றில் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்த தானம், மரம் நடுதல் என்ற வரிசையில் மது விழிப்புணர்வும் வரும். பதாகை பிடித்து ஊர்வலம், பிறகு உறுதிமொழி. அதை வாசிக்க எந்த மாணவனும் மறுப்பதில்லை. ஆனால் அன்று மாலையே நண்பன் பிறந்தநாள் ட்ரீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன சொல்லித் தப்பிப்பது என்பதற்கு அந்த உறுதிமொழியில் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பையன்கள் 17, 18 வயதில் சேர்ந்து 20, 21 வயதில் பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஆக, இளங்கலை படிக்கிற காலம் முழுக்க ஏறக்குறைய எல்லோருக்குமே டாஸ்மாக்கில் வாங்கும் வயது கிடையாது. அப்படியும் பாட்டில் வருகிறதென்றால், யாரோ வாங்கித் தருகிறார்கள். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய சீனியராகவோ ஊர் அண்ணனாகவோ இருப்பார். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் அரசு ஒவ்வொரு முறையும் 500 டாஸ்மாக் மதுக்கடைகளை மூடியது. கடையை மூடுவது என் கையில் இல்லை. அந்த அண்ணனோடு பேசுவது என் கையில் இருக்கிறது.

அவரிடம் நான் கணக்குதான் பேசுவேன். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் உள்ளே போவதைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் அபாயகரமான மிகைக்குடி என்கிறது. ‘ஆளுக்கு ஒரு குவாட்டர்தானே’ என்று சாதாரணமாகச் சொல்லும் அளவு, முதன்முறை குடிக்கும் பையனை நேராக அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோரோ எலுமிச்சையோ தலைக்குக் குளிப்பதோ அந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் முடித்தவன் விடியற்காலை பைக்கை எடுத்தால் உடம்பில் இன்னும் மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கேட்டதும் அண்ணன்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். தம்பிமேல் அவர்களுக்கு இருக்கிற பாசம் உண்மையானது. அதை நம்பித்தான் பேசுகிறேன்.

அடுத்து, குடிக்காதவர்கள். ‘எல்லாரும் குடிக்கிறாங்க சார்’ என்பான் முதலாண்டு மாணவன். சக மாணவர்கள் குடியை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் மிகைப்படுத்தியே நினைக்கிறார்கள் என்று 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் வகுப்பில் பெயரில்லாச் சீட்டு கொடுத்து இரண்டு கேள்வி கேட்பேன்: நீ குடிப்பாயா? இந்த வகுப்பில் எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய்? இரண்டு விடைகளையும் போர்டில் எழுதினால், வேண்டாமென்று நினைத்தும் வாய் திறக்காத பையனுக்குத் தான் தனியாள் இல்லை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, குடித்து மட்டையானவனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடம். இதைச் சொல்லித்தர ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். குடிக்க அனுமதி கொடுத்தது போலாகிவிடுமோ என்ற பயம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். மட்டையானவனை மல்லாக்கப் படுக்க வைக்காதே. வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வை. தனியே விட்டுவிட்டு வராதே. தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு தடுமாறுகிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் உடனே 108. கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பையன்கள் தாமதிக்கிறார்கள். அழைத்தவன்மேல் நடவடிக்கை இல்லை என்று கல்லூரி நிர்வாகமே முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

ஆண்டிலேயே அதிகம் கவலைப்பட வேண்டிய இரவு டிசம்பர் 31. அதற்கு இந்த ஊரிலேயே ஒரு வழி உண்டு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்த்துவந்த ஜனங்களை முருகன் பக்கம் திருப்ப, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியதுதான் திருப்படித் திருவிழா. திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளிலும் பூஜை செய்து, திருப்புகழ் பாடியபடி கூட்டம் மலையேறும். தண்ணீர் கொடுக்கவும் வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றிவிடவும் ஆள் தேவைப்படும் இரவு அது. ‘குடிக்காதே’ என்பதைவிட ‘பத்து மணிக்கு அடிவாரத்துக்கு வந்துவிடு, நீ வேண்டும்’ என்பது பையன்களுக்குப் பிடிக்கிறது. நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளவும் கௌரவமான காரணம்.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: பதாகை அச்சடிக்கும் முன் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுங்கள். நாளை தம்பிகளுக்கு வாங்கித் தரப்போகிறவர்களும், ‘அவனுக்கு வேண்டாம்டா, விடு’ என்று சொல்லக்கூடியவர்களும், தேவைப்பட்டால் 108ஐ அழைக்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.