கேமரன் மலையும் கிழட்டு வேனும்

கேமரன் மலைக்கு ஒருமுறையேனும் போய் வராத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. பள்ளி விடுமுறை வந்தால் போதும்; கட்டுச்சோறும் கம்பளிச் சட்டையுமாக வேனில் ஏறிவிடுகிறோம். குளிரையும் ஸ்ட்ராபெரியையும் நினைக்கும் நாம், ஏறிப்போகும் பாதையையும் நம்மைச் சுமக்கும் வண்டியையும் நினைப்பதில்லை.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை வந்து சேர 1931 ஆயிற்று. அதற்கு முன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். சரிவுகளில் கொழுந்து கிள்ளிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

தாப்பா பேராக்கில் இருக்கிறது. மலையோ பகாங்கைச் சேர்ந்தது. இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி. அதையடுத்து பெத்தாயும் தேனும் விற்கும் ஓராங் அஸ்லி மக்களின் குடிசைக் கடைகள். பிறகு ரிங்லெட், அணைக்கட்டு ஏரி, தானா ராத்தா. சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை பின்னாளில் வந்துவிட்டது. என்றாலும் பழைய பாதையின் அழகு தனி.

அழகான இந்தப் பாதை பழைய வண்டிகளுக்குச் சோதனைதான். சமவெளியின் வெயிலில் புறப்பட்ட வண்டி, 1,400 மீட்டருக்கு மேல் ஏறி நிற்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சினுக்கு இது தெரியாது. கீழே கொடுத்த அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். பிளக் கறுத்துப்போகும், நனைந்தும் போகும். போதாக்குறைக்கு இரவெல்லாம் பனிமூட்டம். காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை மலைக்காரர்கள் இன்னும் ஓட்டுகிறார்களே, எப்படி? வண்டியின் குணம் அறிந்து ஓட்டுகிறார்கள்.

அந்தக் குணம் அறிந்த ஒருவரை ஒரு விடியற்காலையில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தானா ராத்தாவுக்கு அருகே ஒரு லயத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுப் பாட்டிக்கு தெலுக் இந்தானில் கண் அறுவை. காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். லயத்துத் தம்பி ஒருவரின் பழைய வேனில் ஐந்தரை மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. தாப்பா வரை நானும் ஏறிக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. இன்னொரு முறை. அப்போதும் இல்லை. பாட்டியின் முகம் வாடிவிட்டது.

"இன்னிக்கு விட்டா மறுபடியும் எப்பக் கூப்பிடுவாங்களோ, தம்பி" என்றார்.

"பத்து நிமிஷம் பொறுங்க பாட்டி" என்று தம்பி சாவியை எடுத்துவிட்டார்.

சுற்றி நின்றவர்கள், "இறக்கத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே" என்றார்கள். அவர் ஒப்பவில்லை. "எஞ்சின் ஓடலன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்ண்ணே. இந்த இருட்டுல, இந்த இறக்கத்துல வேணாம்" என்றார்.

பிறகு அவர் செய்ததைக் கவனித்தேன். முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. எஞ்சினும் வேகமாகச் சுற்றியதால் பேட்டரியில் குறையில்லை. முன் இருக்கையைத் தூக்கினார். அந்த வேனுக்கு எஞ்சின் அதன் அடியில்தான். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. ஆகவே பெட்ரோல் வருகிறது. மீதி இருப்பது மின்பொறி ஒன்றுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி. காய்ந்த துணி கேட்டார். மருத்துவமனைக்கென்று மடித்து வைத்திருந்த துண்டைப் பாட்டி பையிலிருந்து எடுத்து நீட்டினார். மூடியையும் வயர்களையும் ஈரம் போகத் துடைத்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் நனைவைத் துடைத்து மாட்டினார். வாடை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சோக்கைத் தொடாமல், எண்ணெய் மிதியை அடிவரை அழுத்தியபடி சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல், கொஞ்சம் கறும்புகை, பிறகு சீரான ஓட்டம். பாட்டி கைகூப்பியது வண்டியையா, தம்பியையா என்று தெரியவில்லை.

இறங்கும்போது கியரைக் குறைத்தே ஓட்டினார். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்பது அவர் பாடம். எட்டரை மணிக்கே பாட்டியைச் சேர்த்துவிட்டாராம். அறுவையும் அன்றே நடந்தது.

பழைய வேன் வைத்திருக்கும் அன்பர்களுக்கு அவர் சொன்னவற்றைத் தருகிறேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு விளக்கு மங்கினால், பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சைப் பூப்பு படிந்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். எஞ்சின் சுற்றியும் பிடிக்காவிட்டால் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. வாடை மிகுந்தால் ஈரமோ பிளக்கோ காரணமாகலாம். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் தீக்குச்சி கூடவே கூடாது. ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர்கள். மலை ஏறும்போது சூட்டில் நின்றுவிட்டால், ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். டீசல் வேனாக இருந்தால், சூடேற்றும் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்த விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறுவோர் கட்டுச்சோற்றோடு ஒரு டார்ச், ஒரு பிளக் சாவி, இரண்டு காய்ந்த துணி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். எடை அதிகமில்லை, அவசரத்தில் உதவும்.