லோடு வண்டிக்கு ஷாக் மாற்றிய கதை



போன வாரம் நான் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த படத்தை என் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அதிலிருந்து "டீச்சர் கார் வாங்கிட்டாங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். கார் எல்லாம் இல்லை. அவனுடைய லோடு வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றப் போனோம். போன இடத்தில் எனக்கும் ஒரு பாடம் நடந்தது. உங்களில் பலர் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகன் வைத்திருப்பது ஒன்றரை டன் பிக்கப். ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றுவான், விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்குவான், காலி வண்டியோடு திரும்புவான். வண்டிக்கு முன்பணம் நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொடுத்தது. மீதிக்குக் கடன். மாதத் தவணையும் கட்டி, எனக்கும் மாதாமாதம் ஒரு தொகை திருப்பித் தந்துகொண்டிருக்கிறான்.

ஒருநாள் காலை வாசல் தெளிக்கப் போனபோது, நிறுத்தியிருந்த வண்டியின் பின் டயர் கண்ணில் பட்டது. டயர் தேயும், அது எனக்கும் தெரியும். இது அப்படி ஒரே சீராகத் தேயவில்லை. கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாக, அலை அலையாக இருந்தது. "ஏன்டா, இது என்ன இப்படி இருக்கு?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

நான்கு நாளுக்கு முன்பு, மழை பெய்த விடியற்காலை, மதுரையில் இருந்து காலி வண்டியாக வந்திருக்கிறான். கொடைரோடு தாண்டி ஓர் இடத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று வேகம் குறைய, இவனும் பிரேக்கை மிதித்திருக்கிறான். ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம். வண்டியின் பின்பக்கம் தடதடவென்று குதித்து, ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய், நடுத்தடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. "ஒண்ணும் ஆகல அத்தே" என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது இப்போதுதான் பால்வாடிக்குப் போகிறது.

"ரெண்டு பட்டை கூட ஏத்தி, ஹெவி ஷாக்கா போட்டுட்டா சரியாயிரும்" என்பது அவன் யோசனை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுமை அதிகமென்றால் தாங்குவதும் பலமாக இருக்க வேண்டும் இல்லையா? பணம் நான் தருகிறேன் என்று நானும் கிளம்பினேன்.

பழனி ரோட்டில் இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்காரர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "உள்ள ஃபேன்ல உக்காருங்க டீச்சர்" என்றார். நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் உடனே வண்டிக்கு அடியில் போகவில்லை. "மோசமான ரோடாப் பாத்து ஒரு சுத்து சுத்திட்டு வா" என்று அண்ணன் மகனை அனுப்பினார். வண்டி திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நாலு ஷாக்கையும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க டீச்சர். பாத்து, பக்கத்துல சைலன்சர் குழாய் இருக்கு" என்றார். முன்னால் இருந்த இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. பின்னால் வலதுபக்கம் லேசான சூடு. இடதுபக்கம் ஜில்லென்று இருந்தது. அதன் உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பிக் கிடந்தது.

"ஜில்லுன்னு இருக்கறதுதான் செத்துப்போனது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சூடானால்தானே கோளாறு? அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க பூட்டை நூல்ல கட்டி ஆட்டிக் காட்டுவீங்களே, ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

எப்படி மறக்கும்! ஊசல் பாடத்துக்குப் பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். திண்டுக்கல்லில் குண்டுக்குப் பஞ்சம் இருந்தாலும் பூட்டுக்குப் பஞ்சம் இல்லை.

"அதே பூட்டைத் தண்ணி வாளிக்குள்ள தொங்கவிட்டு ஆட்டினா?"

"ரெண்டு ஆட்டத்துல நின்னுரும்."

"அந்த வாளித் தண்ணிதான் டீச்சர் ஷாக்."

இத்தனை வருஷம் ஊசல் நடத்திய நான் ஒருநாளும் வாளியைக் கொண்டுவந்து வைத்ததில்லை.

அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். வண்டியின் சுமையைத் தாங்குவது கமான் பட்டை. பள்ளத்தில் இறங்கினால் பட்டை வளையும், உடனே நிமிரும், அதோடு நிற்காமல் மறுபடி வளையும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் சின்னச் சின்னத் துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. வேலை செய்யும் ஷாக் சூடாவது அதனால்தான். ஆற்றல் அழியாது, உருமாறும் என்று உங்களுக்கு எத்தனை தடவை எழுதிப்போட்டிருப்பேன்!

பழனி அடிவாரத்தில் குதிரை வண்டியில் போயிருப்பீர்கள். அதற்குக் கமான் உண்டு, ஷாக் கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே அந்த வேகத்துக்குப் போதும். மோட்டார் வண்டியின் வேகத்துக்கு அது போதாது. ஆட்டம் அடங்காத சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். தரையைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. டயர் அலை அலையாகத் தேய்வதற்கும் அதுவே காரணம்.

"அப்ப ஹெவி ஷாக்காப் போட்டுருங்க" என்றேன் நான்.

"ஷாக் எடையைத் தாங்காது டீச்சர். எவ்வளவு ஹெவியாப் போட்டாலும் லோடு பட்டை மேலதான் உக்காரும். பட்டையை ஏத்தினா ஆக்சில், டயர், பிரேக் மூணும் பழைய பலத்துலயேதான் இருக்கும். அதுபோக, இவரு போறப்ப லோடு, வர்றப்ப காலி. பட்டையும் ஷாக்கும் ரொம்ப விறைப்பா இருந்தா காலி வண்டி இன்னும் குதிக்கும். அன்னைக்கு வழுக்குனது காலி வண்டிதானே?"

அண்ணன் மகன் தலையாட்டினான்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "ஷாக்கை அப்புறம் பாப்போம். நெசமா எத்தனை பெட்டி ஏத்துற?"

அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் எப்போதும் நூறு பெட்டி என்றுதான் சொல்வான். "நூத்தி நாப்பது" என்றான் மெல்ல.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கு. 140 பெட்டி என்றால் 1,960 கிலோ. காலிப் பெட்டியின் எடையைச் சேர்க்காமலே இவ்வளவு. வண்டி தாங்குவதாக எழுதியிருப்பது 1,500 கிலோ. அதை 14 ஆல் வகுத்தால் 107 பெட்டிதான் வருகிறது. 2019 செப்டம்பரில் இருந்து அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதம்கூடப் போகட்டும். அந்த விடியற்காலைதான் என் கண்முன் வந்து நின்றது.

"ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

"தவணை போக உங்களுக்கும் தரணுமே அத்தே. மாசம் பொறந்தா நீங்க கேப்பீங்க."

மாதம் பிறந்தால் நான் கேட்பது உண்மைதான். கண்டிப்பாகக் கேட்க மாட்டேன். "கட்டிட்டியாப்பா, எனக்கு எப்ப தருவ?" என்று சாதாரணமாகத்தான் கேட்பேன். வீட்டுப்பாடம் எழுதிட்டியா என்று வகுப்பில் கேட்ட அதே குரல். எழுதாத பிள்ளை அந்தக் குரலுக்குப் பயந்து பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும். இவன் நாற்பது பெட்டி கூட ஏற்றியிருக்கிறான். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஷாக் வாங்கும் கதைக்கு வருகிறேன். உதிரிபாகக் கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று, பழையதையே எண்ணெய் மாற்றிச் சரிசெய்தது. விலை மிகக் குறைவு. இரண்டு, வண்டிக் கம்பெனி குறிப்பிட்ட எண்ணுக்குப் பொருந்தும் சாதாரண எண்ணெய் ஷாக். மூன்று, நைட்ரஜன் அடைத்த ஹெவி ரகம். மோரை வேகமாகக் கடைந்தால் நுரைப்பது போல, குண்டும் குழியுமான ரோட்டில் ஓயாமல் ஓடினால் உள்ளே எண்ணெய் நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குப் பிடிமானம் இல்லை. வாயு அழுத்தம் அதைக் குறைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் கடையில் இருந்தது நம் வண்டிக்குச் சொன்னதைவிட விறைப்பான ரகம்.

நம் ஊர்க்காரருக்கு இது புதிதில்லை. கையில் கனமாக இருக்கிறது என்று பூட்டு வாங்க மாட்டோம், உள்ளே எத்தனை லீவர் என்று கேட்போம். அதுபோலத்தான் இதுவும். கம்பெனி எண்ணுக்குப் பொருந்தும் இரண்டாவது ரகத்தை, பின்பக்கத்துக்கு ஜோடியாக வாங்கினோம். வலதுபக்கம் கொஞ்சம் உயிரோடு இருந்தாலும், ஒரு பக்கம் புதுசு மறுபக்கம் பழசு என்றால் வண்டி ஒருபக்கமாகவே இழுக்குமாம். முன்னால் இருப்பதையும் மாற்றிவிடலாமே என்றேன். "அது நல்லாத்தான் இருக்கு, காசை வீணாக்காதீங்க டீச்சர். அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, டயரில் அலைத் தேய்மானம், வேகத்தடை தாண்டிய பிறகும் அடங்காத ஆட்டம், பிரேக் போட்டால் மூக்கு குத்துவது. இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

2. பழைய ஷாக்கைக் கழற்றி, நீட்டிய நீளம், அமுக்கிய நீளம், புஷ் அளவு மூன்றையும் புதியதோடு ஒப்பிடுங்கள். பாக்ஸில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

3. மாட்டுவதற்கு முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்கச் சொல்லுங்கள். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

4. புஷ் போல்ட்டைக் கடைசியாக, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் போய்விடும்.

5. மெக்கானிக்கிடம் உண்மையான பாரத்தைச் சொல்லுங்கள். டாக்டரிடம் மறைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியில் இருவரும் பேசவில்லை. ரெட்டியார்சத்திரம் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினான். அங்கே வைத்துச் சொன்னேன்: "எனக்குத் தர்றதை இனிமே பாதியாக் குடு. எத்தனை வருஷம் ஆனாலும் பரவால்ல. நூறு பெட்டிக்கு மேல ஏத்தாத." பென்ஷன் வருகிறது, எனக்கு என்ன அவசரம்? அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே "சரி அத்தே" என்றான்.

நேற்று விடியற்காலை மதுரையில் இருந்து வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு.

உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி வண்டி ஓட்டினால், தவணை கட்டியாச்சா என்று கேட்கும் முன்பு எவ்வளவு லோடு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இனி நானும் அப்படித்தான் கேட்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். பார்த்துப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்